டென்ஷன் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு: லாங்மேன் அகராதி பற்றி ஒரு ஸ்டாஃப் நர்ஸ்

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்ஜிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். யூ.கே. போவதற்கு ஓ.ஈ.டி. என்ற இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் "சிஸ்டர், எந்த புக்கு வாங்கட்டும்?" என்று வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக டைப் அடிக்க நேரமில்லை. ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். பரீட்சை கைடுகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவை தெருவுக்கு நாலு கிடைக்கும். நான் சொல்ல வந்தது ஒரு அகராதியைப் பற்றி: லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கண்டெம்பரரி இங்கிலீஷ். அதிலும் ஒரு மூலையை மட்டும். பயம், கவலை, தைரியம், கஷ்டத்தைத் தாங்குவது, இந்த வகைச் சொற்களைப் படிக்க அது எந்த அளவுக்கு உதவும் என்பதை.

நர்ஸுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பித்தப்பையை எடுக்கும் 'லேப்பரோஸ்கோபிக் கோலிசிஸ்டெக்டமி' என்பதை நாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வோம். அந்த ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, பன்னிரண்டு மணி தாண்டியும் படுக்காமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கழுத்துச் செயினை உருட்டிக்கொண்டிருக்கும் அம்மாச்சியிடம் இங்கிலீஷில் என்ன கேட்பது என்றால் வாய் அடைத்துப்போகிறது. "டோன்ட் வொர்ரி, நத்திங் வில் ஹேப்பன்." அதற்கு மேல் நகராது. ஊரில் அது போதும். மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். தோளில் ஒரு தட்டு, "நான் இங்கதானே இருக்கேன்" என்று ஒரு வார்த்தை, ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைப்பது. பரீட்சையில் எதிரே இருப்பவரின் தோளைத் தட்டவும் முடியாது, ஃபேனைக் குறைக்கவும் முடியாது.

ஓ.ஈ.டி. என்பது ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட். நர்ஸ், டாக்டர், பார்மஸிஸ்ட், பிசியோ என்று பன்னிரண்டு மருத்துவத் தொழில்களுக்குத் தனித்தனியாக நடப்பது. பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல் பிளே. கையில் ஒரு அட்டை தருவார்கள், படிக்க மூன்று நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் பேச வேண்டும். நாம் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளியாகவோ சொந்தக்காரராகவோ நடிப்பார். மார்க் போடுவது அவர் இல்லை. பேச்சு பதிவாகி வேறு இடத்தில் திருத்தப்படும். 2018 செப்டம்பரிலிருந்து உச்சரிப்பு, இலக்கணத்தோடு சேர்த்து, நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதத்துக்கும் மார்க் உண்டு. அவருடைய மனநிலையைப் புரிந்துகொண்டதாகக் காட்டினோமா, குறை சொல்லும் தொனி இல்லாமல் பேசினோமா, ஜாடையாக அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டோமா என்றெல்லாம் பார்ப்பார்கள். யூ.கே. நர்ஸிங் கவுன்சிலுக்குப் பேச்சில் 'பி' கிரேடு, அதாவது 350 வேண்டும். ஆக, பயந்து போன மனுஷரிடம் பேசத் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இதற்குப் பயிற்சி வகுப்புகள் தரும் மருந்து ஒரு ஜெராக்ஸ் தாள். எந்த வகுப்பு என்று சொல்ல மாட்டேன், ஏறக்குறைய எல்லா இடத்திலும் அதே தாள்தான் சுற்றுகிறது. 'எமோஷன் வேர்ட்ஸ்' என்று தலைப்பு, வரிசை எண், பக்கத்தில் தமிழ் அர்த்தம். பிரேவ்: தைரியமான. கரேஜஸ்: தைரியமான. போல்டு: தைரியமான. டேரிங்: மிகவும் தைரியமான. வேலியன்ட்: வீரமிக்க, தைரியமான. இதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கச் சொல்வார்கள். ஒப்பிக்கலாம். ஆனால் ஆபரேஷன் தழும்பைக் கண்ணாடியில் முதல் தடவை பார்க்கப்போகும் பெண்ணிடம் "யூ ஆர் வேலியன்ட்" என்று ஒருத்தி சொன்னால், பாவம், அந்தப் பெண் சிரிப்பாளா அழுவாளா?

அகராதிக்கு வருகிறேன். இணையத்தில் இது இலவசம். லாங்மேன் பெயரைப் போட்டுத் தேடினால் முதலிலேயே வந்துவிடும். 'வொர்ரி' என்று அடியுங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பில் சில குறிகள் இருக்கும். எஸ் என்றால் பேச்சு, டபிள்யூ என்றால் எழுத்து. அதோடு 1 என்று இருந்தால் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்களில் ஒன்று, 2 என்றால் இரண்டாவது ஆயிரம், 3 என்றால் மூன்றாவது. 'வேலியன்ட்' என்று அடித்துப் பாருங்கள். எஸ்ஸும் இல்லை, டபிள்யூவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஜெராக்ஸ் தாளில் பாதியை இந்த ஒரே சோதனையில் அடித்துவிடலாம். வீட்டில் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு, ஈவினிங் டியூட்டிக்குக் கிளம்பும் முன் கிடைக்கிற அரைமணி நேரத்தில் படிக்கிறவளுக்கு, எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்கிற புத்தகம்தான் முதலில் தேவை.

இரண்டாவது சௌகரியம், அர்த்தம் சொல்லும் முறை. நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். மற்ற பெரிய அகராதிகளில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தால், அந்த அர்த்தத்தில் தெரியாத சொல் இரண்டு இருக்கும். அவற்றைப் பார்த்தால் இன்னும் நாலு. லாங்மேனில் 1978இல் முதல் பதிப்பு வந்தபோதே, சுமார் 2,000 எளிய சொற்களை வைத்துக்கொண்டு அத்தனை அர்த்தமும் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் வந்தே ஆக வேண்டும் என்றால் அதைச் சிறிய கேப்பிட்டல் எழுத்தில் தனியாகக் காட்டுவார்கள். அந்த 2,000 சொல் கையில் இருந்தால் போதும், அர்த்தம் முதல் வாசிப்பிலேயே விளங்கிவிடும். இந்த யோசனைக்கு வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற வெள்ளைக்காரர் 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் சொற்களை எண்ணி அளந்து கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். 1935இல் அவர் கொண்டுவந்த அகராதியில் அர்த்தம் எழுதப் பயன்படுத்தியது 1,490 சொற்கள். அதை வெளியிட்டதும் லாங்மேன்ஸ்தான். டாக்காப் பையனுக்காகச் செய்தது மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கும் பொருந்துவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் இதெல்லாம் எந்தச் சொல்லுக்கும் பொருந்தும். உணர்ச்சிச் சொற்களுக்கு என்று இந்த அகராதியில் இருக்கும் தங்கப் புதையல் வேறு. முக்கியமான சொற்களுக்குக் கீழே 'தெசாரஸ்' என்று ஒரு பெட்டி வரும். ஒரே குடும்பத்துச் சொற்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எப்போது, எதைப் பற்றி, எந்த மாதிரிப் பேச்சில் என்று ஒரு வரி.

'வொர்ரீடு' பக்கத்தைத் திறந்துகொண்டு, மேலே சொன்ன அம்மாச்சியையும் அவர் குடும்பத்தையும் மனதில் நிறுத்துங்கள். நாளைக்கு ஆபரேஷன் என்று படபடப்பாக இருப்பது 'நெர்வஸ்'. இனி நடக்கப்போகிற, தானே போய் நிற்க வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றியது அது. பயாப்சி ரிசல்ட்டில் என்ன வருமோ என்று நாள் கணக்கில் உள்ளே அரித்துக்கொண்டிருப்பது 'ஆங்‌ஷஸ்'. கையில் எதுவும் இல்லை, ஏதாவது கெட்டது நடந்துவிடுமோ என்ற நினைப்பு. வராந்தாவில் நிற்கும் மகன் "அம்மாவுக்கு மூணு நாளா சாப்பாடே இறங்கல, அதான் கேக்கேன்" என்று நிதானமாக வந்து சொல்கிறாரே, அவர் 'கன்சர்ன்டு'. பயம் அவரைப் பற்றி இல்லை, இன்னொருத்தரைப் பற்றி, ஒரு பிரச்சினையைப் பற்றி. தியேட்டர் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருக்கும் மருமகன் 'டென்ஸ்'. நாலு பேரும் நம் வார்டில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்: டென்ஷன். "பேஷன்ட் ஒரே டென்ஷன் சிஸ்டர்", "அவங்க வீட்டுக்காரர் டென்ஷன் ஆயிட்டார்". இரண்டாவதில் அவர் கோபப்பட்டார் என்று அர்த்தம் வேறு! கையெழுத்துக்கு லேட் ஆனால் டென்ஷன், கேனுலா போட வெயின் கிடைக்காவிட்டால் டென்ஷன், கேஸ் ஷீட் காணாமல் போனால் டென்ஷன்.

அதை அப்படியே பரீட்சைக்கு எடுத்துக்கொண்டு போய் "யூ லுக் டென்ஸ்டு" என்கிறவர்கள் நிறைய. அகராதி வாய் திறந்து தப்பு என்று சொல்லாது. ஆனால் 'டென்ஸ்' பக்கத்தில் ஆளின் நிலையைச் சொல்ல அது தரும் உதாரணங்களில் 'டென்ஸ்' தான் இருக்கும். கண் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். 'கோப் அப் வித்' என்பது இன்னொன்று. நம் ஊர் இங்கிலீஷில் அது அசைக்க முடியாத இடம் பிடித்துவிட்டது. 'கோப்' என்ற சொல்லுக்குக் கீழே தடித்த எழுத்தில் 'கோப் வித்' என்று மட்டுமே போட்டிருப்பார்கள், நடுவில் 'அப்' கிடையாது. இப்படித் தடித்த எழுத்தில் கொடுக்கிற துணைச் சொற்களை நோட்டில் எழுதுங்கள். சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். 'அஃப்ரெய்டு ஆஃப்' என்றால் எதற்கோ பயம், 'அஃப்ரெய்டு ஃபார்' என்றால் யாருக்காகவோ பயம். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் தாயின் பயம் இரண்டாவது. அந்த 'ஃபார்' ஒன்று மாறினால் ஆளே மாறிவிடுவாள்.

உச்சரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, பிரிட்டிஷ் குரலும் அமெரிக்கக் குரலும் தனித்தனி பொத்தானில் இருப்பது. உதாரண வாக்கியத்தையும் பல இடங்களில் வாசித்துக் காட்டும். 'கரிஜ்' என்று முதலசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்லும் குரல், 'கரேஜஸ்' என்று வரும்போது அழுத்தத்தை நடுவுக்குத் தள்ளிவிடும். எழுத்தைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது. 'ஆன்சியஸ்' என்று நாம் சொல்வதும் 'ஆங்‌க்ஷஸ்' என்று அது சொல்வதும் வேறு. ஆனால் 'ஆங்ஸையட்டி' என்று பெயர்ச்சொல்லாக மாறும்போது ஒலி திரும்பவும் மாறும். காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரத்தில் இதைப் பழகலாம். பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

லிசனிங் பகுதிக்கு வேறு விதமான உதவி. அங்கே நோயாளி பேசுவதைக் கேட்டுக் குறிப்பில் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் பயத்தையும் சோர்வையும் நேரடியாகச் சொல்வது குறைவு. 'எ பிட் டவுன்' என்பார்கள், அந்த 'எ பிட்'டுக்குள் ஒரு மலையே இருக்கும். 'அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்' என்றால் இனித் தாங்க முடியாது என்ற நிலை. 'டெதர்' என்ற சொல்லைத் தேடினாலே அந்தத் தொடர் வந்துவிடும். 'பட்டர்ஃப்ளைஸ்' வயிற்றில் பறப்பதாகச் சொன்னால், மேடை ஏறும் முன்போ இன்டர்வியூவுக்கு முன்போ வரும் லேசான படபடப்பு. நம் ஆள் "வயித்துல புளியக் கரைக்குது மக்களே" என்கிறாரே, அதை இந்தப் பட்டாம்பூச்சியாக மாற்றிவிடாதீர்கள். அது வேறு கிலி. 'டிரெட்' என்ற சொல்லைப் பாருங்கள், கிட்டத்தட்ட அங்கே போய்ச் சேரலாம். பதறித் தவிப்பதைச் சொல்லும் எங்கள் பக்கத்து 'வெப்ராள'த்துக்கு மட்டும் இன்னும் நல்ல ஜோடி கிடைக்கவில்லை. 'ஃப்ளஸ்டர்டு' பாதி வழி வருகிறது.

'பிரேவ்' பக்கத்திலேயே 'புட் ஆன் எ பிரேவ் ஃபேஸ்' என்று ஒரு தொடர் உண்டு. எனக்கு அதைப் படித்ததும் குளச்சலிலிருந்து ஹெர்னியாவுக்கு வந்த ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். கடலில் கட்டுமரம் கவிழ்ந்து ராத்திரி முழுக்க மிதந்தவராம். ப்ரீ-ஆப் கேள்விகள் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல மக்கா, நீ எழுது" என்று சிரித்துக்கொண்டே பதில். வலது கை மட்டும் கட்டில் கம்பியை விடவே இல்லை. பி.பி. பார்க்கக் கையைக் கேட்டபோது இடது கையைத்தான் நீட்டினார். பி.பி. ஏறிக் கிடந்தது. ரோல் பிளேயில் எதிரே இருப்பவர் "ஓ, ஐ'ம் ஃபைன், ரியலி" என்று கொஞ்சம் வேகமாகச் சொன்னால், அது இந்தப் பெரியவரின் வலது கை. அங்கே நிறுத்தி, "நீங்கள் சமாளித்துக்கொண்டு இருக்கிறீர்கள், ஆனாலும் மனதில் ஏதோ இருப்பது மாதிரித் தெரிகிறது" என்று கேட்டால் மார்க் விழும். "பி பிரேவ்" என்று சொன்னால் விழாது. வளர்ந்த மனுஷரிடம் அதைச் சொல்வது ஊசிக்கு அழும் பிள்ளையிடம் பேசுவது போல ஆகிவிடும் என்பது என் அபிப்பிராயம். "டோன்ட் வொர்ரி"யும் அப்படித்தான், அவருடைய கவலையை ஒரு கையால் தள்ளிவிடுகிறது. கவலைப்படுவது இயல்புதான் என்று முதலில் ஒத்துக்கொள்ளும் வாக்கியம் ஒன்றை நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது 'கரேஜ்'. இதற்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் பரீட்சை முடிந்தாலும் இந்தச் சொல் விடாது. இங்கிலாந்தின் தலைமை நர்ஸிங் அதிகாரியாக இருந்த ஜேன் கம்மிங்ஸ் 2012 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில் 'சிக்ஸ் சீஸ்' என்று, இங்கிலீஷில் 'சி' எழுத்தில் தொடங்கும் ஆறு குணங்கள் வந்தன. கேர், கம்பேஷன், காம்பிடன்ஸ், கம்யூனிகேஷன், கரேஜ், கமிட்மென்ட். என்.ஹெச்.எஸ். என்ற அந்த ஊர் அரசு மருத்துவச் சேவையின் இன்டர்வியூவுக்குப் படிக்கும் எல்லாரும் இதை உருப்போடுகிறார்கள். ஐந்தாவதுக்கு வரும்போது நம் பிள்ளைகள் "ஐ ஆம் வெரி பிரேவ், ஐ ஆம் நாட் அஃப்ரெய்டு ஆஃப் பிளட்" என்று சொல்லி வைக்கிறார்கள். அங்கே கேட்பது ரத்தத்தைப் பற்றி இல்லை. நோயாளிக்கு ஏதோ தப்பாக நடக்கிறது என்று தோன்றினால், எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்வாயா என்பதுதான் கேள்வி.

லாங்மேனில் 'கரேஜ்' பக்கத்தில் 'காலொகேஷன்ஸ்' என்ற, சேர்ந்து வரும் சொற்களின் பெட்டியைப் பாருங்கள். 'ஹேவ் தி கரேஜ் டு', 'இட் டேக்ஸ் கரேஜ்', 'ப்ளக் அப் தி கரேஜ்' என்று வரும். எல்லாமே ஒரு காரியத்தைச் செய்யத் தயங்கி, பிறகு செய்வதைப் பற்றியவை. புலியை முறத்தால் அடித்த வீரம் இல்லை இது. பயம் உள்ளேயே இருக்கும், அதோடு போய் நிற்பது. இன்டர்வியூ பதிலை இந்தத் தொடர்களை வைத்துக் கட்டினால் பேச்சு தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

எங்களுக்கு முன்பு ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார். டிரக் சார்ட்டில் டோஸ் இடித்தால் அவர் நேராக டாக்டரிடம் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சார், இது ஒண்ணா பத்தா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்பார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது, தூரத்தில் தொங்கும் டிரிப் பாட்டிலில் எத்தனை மில்லி மிச்சம் என்று வாசலில் நின்றே சொல்வார். டாக்டர் சார்ட்டை வாங்கிப் பார்ப்பார், பேனாவை எடுப்பார், திருத்துவார், "தாங்க்ஸ் சிஸ்டர்". யாருக்கும் முகம் சுருங்காது. நம் வார்டுகளில் கரேஜ் இப்படித்தான் வேஷம் போட்டுக்கொண்டு நடமாடுகிறது. இந்தக் கதையை இன்டர்வியூவில் அப்படியே சொல்லிவிடாதீர்கள், நேராகச் சொல்லாமல் ஏன் பொய் சொன்னார் என்று திருப்பிக் கேட்பார்கள்.

அவர்களுக்கு நேராகச் சொல்லும் பாஷை வேண்டும். அமெரிக்காவில் மருத்துவக் குழுக்களுக்கான 'டீம்ஸ்டெப்ஸ்' என்ற பயிற்சியில் இதற்கு 'கஸ்' என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதலில் 'ஐ'ம் கன்சர்ன்டு'. கேட்கவில்லை என்றால் 'ஐ'ம் அன்கம்ஃபர்டபிள்'. அதற்கும் மேலே 'திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ'. இரண்டு உணர்ச்சிச் சொற்கள், அவற்றுக்கு மேலே ஒரு அபாய அறிவிப்பு. இது தெரிந்த பிறகு லாங்மேனின் 'வொர்ரீடு' பெட்டிக்குத் திரும்பிப் போய் 'கன்சர்ன்டு'க்குப் போட்டிருக்கும் ஒரு வரியை மறுபடி படித்தால், ஏன் அந்த இடத்தில் 'ஸ்கேர்டு' என்றோ 'டென்ஸ்' என்றோ வைக்கவில்லை என்று விளங்கும். தன் பயத்தைக் கொட்டாமல் நோயாளியின் பிரச்சினையை மேஜைமேல் வைக்கிற சொல் அது. ஜெராக்ஸ் தாளில் 'கன்சர்ன்டு: அக்கறையுள்ள, சம்பந்தப்பட்ட' என்று போட்டிருந்தார்கள்.

'சேலஞ்ச்' பற்றிச் சுருக்கமாக. தமிழில் அது தொடை தட்டுகிற சவால். "என்கிட்டயே சேலஞ்சா?" அங்கே அது பெரும்பாலும் முயற்சி கேட்கிற ஒரு கடினமான வேலை. 'ஃபேஸ்', 'ரைஸ் டு', 'மீட்' என்ற வினைகளோடு சேர்ந்து வரும், பெட்டியில் எல்லாம் இருக்கிறது. அதிகம் மெனக்கெட வேண்டாம்.

இந்த அகராதி எதற்கு உதவாது என்றும் சொல்லிவிட வேண்டும். தமிழ் அர்த்தம் கிடையாது. அறவே இங்கிலீஷ் தெரியாதவர்கள் இதிலிருந்து தொடங்க முடியாது, அவர்கள் வீட்டில் கிடக்கும் லிஃப்கோவில் ஒரு தடவை தமிழைப் பார்த்துவிட்டு வருவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எங்கள் அப்பா வாங்கிய லிஃப்கோ அட்டை கிழிந்து இன்னும் அலமாரியில் இருக்கிறது, படிக்கும்போது அர்த்தம் தெரிந்துகொள்ள அது ராஜா. பேச வேண்டும் என்கிறபோதுதான் லாங்மேன் தேவைப்படுகிறது. இணையப் பக்கத்தின் அடியில் 'எக்ஸாம்பிள்ஸ் ஃப்ரம் தி கார்ப்பஸ்' என்று வரும் வாக்கியங்களை நான் தாண்டிவிடுவேன். அவை பத்திரிகைகளிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் வெட்டி எடுத்தவை, தலையும் வாலும் இல்லாமல் நிற்கும். மேலே ஆசிரியர்கள் தேர்ந்து வைத்த உதாரணங்கள் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காலின்ஸ் கோபில்டு என்ற அகராதி இதை மிஞ்சும். 1987இல் முதலில் வந்தபோதிலிருந்தே அதில் அர்த்தத்தை முழு வாக்கியமாக எழுதுகிறார்கள். 'நீங்கள் இப்படி இருந்தால், உங்களுக்கு இன்னது தோன்றும்' என்கிற மாதிரி. உணர்ச்சிச் சொல்லுக்கு அந்த நடை அழகாகப் பொருந்துகிறது, யாரோ ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். ஆனால் நாலு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்க்க லாங்மேனின் பெட்டிதான் எனக்குக் கை கொடுக்கிறது. இரண்டும் இணையத்தில் இலவசம்தான், சண்டை போட வேண்டியதில்லை.

எந்த அகராதியும் உங்களுக்காகப் பேசாது. ரூம்மேட்டையோ வீட்டுக்காரரையோ நோயாளியாக உட்கார வைத்து, மொபைலில் ரெக்கார்டு போட்டு, ஐந்து நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் நோயாளியாக நடித்தால் எல்லாவற்றுக்கும் "ஓகே சிஸ்டர்" என்று ஒத்துக்கொண்டுவிடுவார், அவர் சரிப்பட மாட்டார். முரண்டு பிடிக்கிற ஆளாகப் பாருங்கள். நோட்டில் எழுதியதை மறக்காமல் இருக்க ஆண்ட்ராய்டில் 'ஆங்கிட்ராய்டு' என்ற ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. மறந்ததை அடிக்கடியும் நினைவிருப்பதை இடைவெளி விட்டும் கேட்கும். அதில் சொல்லைத் தனியாகப் போடாமல், சொல் விட்டுப்போன வாக்கியமாகப் போடுங்கள். 'ஷீ இஸ்' என்று எழுதி, நடுவில் கோடு விட்டு, 'அபவுட் தி ரிசல்ட்ஸ்' என்று முடித்தால் நெர்வஸா ஆங்‌ஷஸா என்று மூளை வேலை செய்யும்.

கடைசியாக, எல்லாரும் கேட்பது: புத்தகமாக வாங்க வேண்டுமா? தேவையில்லை. 2014இல் வந்த ஆறாம் பதிப்பு இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல், மடியில் வைத்துப் படிக்க முடியாது, விலையும் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டுகிற நேரத்தில் கையைக் கடிக்கும். இணையம் சரியாக எட்டாத ஹாஸ்டலில் இருக்கிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் பழைய புத்தகக் கடையில் ஐந்தாவது பதிப்பு கிடைத்தால் தாராளமாக எடுங்கள். பிறகு வந்த புதுச் சொற்கள்தான் அதில் குறையும், பயத்துக்கும் தைரியத்துக்கும் ஒன்றும் குறையாது. உள்ளே டிவிடி இருக்கிறது என்று கடைக்காரர் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள், அதைப் போட இப்போது யார் வீட்டில் டிரைவ் இருக்கிறது? வாங்கும் முன் 'டபிள்யூ' எழுத்துப் பக்கத்தைத் திறந்து, 'வொர்ரீடு' இருக்கும் தாள் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.